பாட்டுக்கு முன்னால் ஊரின் பெயர்

அஞ்சலட்டையில் பாட்டுக்கு ஒரு வரிதான். மீதி இடமெல்லாம் ஆட்களின் பெயர்.

1978 சூறாவளிக்கு அடுத்த வருடம் என்று நினைவு. கதிரவெளியில் என் பெரியமாமா தன் மகளின் பிறந்தநாளுக்காக இலங்கை வானொலிக்கு எழுதிய அட்டை அது. திண்ணையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, பலகைத் துண்டொன்றை மடியில் வைத்து எழுதினார். அப்பா, அம்மா, அம்மம்மா, அம்மப்பா, பெரியம்மா, மாமா, மாமி, மச்சான், மச்சாள் என்று வரிசை போனது. பால்சேனையில் இருந்த சின்னமாமியின் பெயர் விடுபட்டதைக் கண்ட அம்மம்மா, “அவள் கேட்டால் முகம் முறிச்சிருவாள் மனே, எழுது” என்றார். அட்டையில் இடமில்லை. எழுத்தைச் சிறிதாக்கி ஓரத்தில் நெருக்கினார். அடியில் ஊர்ப் பெயர், வாகரை, மட்டக்களப்பு மாவட்டம்.

அந்த நாள் வந்தபோது பற்றரிகளைக் காலையிலேயே வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். சூடு ஏறினால் செத்த பற்றரியும் கொஞ்ச நேரம் உயிர்க்கும். மூன்று பாண்ட் வானொலிப் பெட்டியின் முதுகு மூடி உடைந்து, றப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தது. செம்புக் கம்பி ஒன்றை முற்றத்து வேம்பில் எறிந்து கட்டியிருந்தார்கள். கொழும்பில் இருந்த ஒரு குரல் “கதிரவெளி” என்று சொன்னது. வீடு முழுக்கச் சத்தம். அதற்குப் பிறகு பாட்டுப் போனது. என்ன பாட்டு என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கும் அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை.

வானொலியின் இசை எப்படி மாறியது என்று ஆராயப் புகுந்தவன் இந்தக் காட்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வானொலி வரலாறு எழுதுகிறவர்கள் எந்தப் பாட்டு எப்போது ஒலித்தது, எந்த அறிவிப்பாளர் எப்போது வந்தார் என்று எழுதுகிறார்கள். வாகரை போன்ற ஒரு கரையோரப் பிரதேசத்திலிருந்து பார்க்கும்போது அதைவிடப் பெரிய மாற்றம் வேறொரு இடத்தில் நடந்திருக்கிறது: கேட்பவனின் பெயரும் அவனுடைய ஊரின் பெயரும் எந்த வழியாக நிலையத்துக்குள் நுழைந்தன என்பதில். அஞ்சல் வழி மாறியபோதெல்லாம் நிகழ்ச்சி மாறியது. நிகழ்ச்சி மாறியபோது பாட்டும் மாறியது.

வாகரை மட்டக்களப்பு நகரத்திலிருந்து வடக்கே 60 கிலோமீற்றருக்கு மேல். கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவு. தெற்கே காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. வடக்கே பால்சேனை, கதிரவெளி, அதற்கு அப்பால் வெருகல். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, மேற்கே காடும் குளமும். நான் அறிந்த காலம் முழுக்க இந்தப் பிரதேசத்துக்கென்று ஒரு வானொலி நிலையம் இருந்ததில்லை. ஆனாலும் அங்குள்ள முதியவர்களிடம் “நம்மட றேடியோ” என்று சொன்னால், அது கொழும்பில் இருந்த நிலையத்தைத்தான் குறிக்கும்.

அந்த நிலையத்தின் வயது நூறைத் தொட்டுவிட்டது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் 1923இல் சோதனை ஒலிபரப்புகளைத் தொடங்கினார். 1925 டிசம்பரில் முறையான சேவை ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படையினருக்காக ‘ரேடியோ சீக்’ கொழும்பிலிருந்து இயங்கியது. சிப்பாய்களை மகிழ்விக்க நிறுவிய வலிமையான சிற்றலைக் கருவி போர் முடிந்ததும் இலங்கையின் கைக்கு வந்தது. ஏக்கலையிலிருந்து எழுந்த அந்த அலை இந்தியத் துணைக்கண்டம் முழுதும் எட்டக்கூடியது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர். 1950இல் வர்த்தக சேவை. அதைக் கட்டியெழுப்பக் கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து கிளிபர்ட் டொட் வந்தார். விளம்பரத்தை விற்று, அந்தப் பணத்தில் பாட்டுப் போடுவது என்பது இந்தப் பகுதிக்கே அப்போது புதிது.

அதிர்ஷ்டம் டில்லியிலிருந்து வந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரம் தாழ்ந்தது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அது ஒடுங்கியது. கேட்பவர்கள் முள்ளைத் திருப்பினார்கள். ஹிந்தியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ கொழும்பிலிருந்து பறந்தது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் தேநீர்க் கடைகளை நிறுத்தி வைத்தது. 1957இல் இந்தியா ‘விவித் பாரதி’யைத் தொடங்கித் தன் தவறைத் திருத்திக்கொண்டபோது, பழக்கம் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, தமிழ் வர்த்தக சேவையின் இசை அதன் பிறப்பிலேயே தமிழகச் சினிமாப் பாட்டாக இருந்தது என்பது. கீழ்க் கரையில் நூற்றாண்டுகளாகப் பாடிய வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலும் அதில் இல்லை. நாட்டார் பாட்டுக்கும் நாடகத்துக்கும் தேசிய சேவை என்று வேறொரு கதவு இருந்தது. விளம்பரம் வந்த கதவு வேறு. கூட்டம் சேர்ந்ததும் அந்தக் கதவில்தான்.

ஆனால் ஒரே பாட்டை எத்தனை விதமாகக் கட்டலாம் என்பதில் அந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் காட்டிய கற்பனை வியப்பானது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. ஒருவர் முடித்த எழுத்தில் மற்றவர் தொடங்கும் ‘பாட்டுக்குப் பாட்டு’. ஒரு சிறு கதையின் நடுவே பாட்டுகளைக் கோத்த ‘இசையும் கதையும்’. கதையை எழுதி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நேயர்களே. ‘நீங்கள் கேட்டவை’. ‘பிறந்தநாள் வாழ்த்து’. கே.எஸ். ராஜாவின் ‘திரை விருந்து’. இசைத்தட்டு நூலகத்தில் இருந்தது எல்லாருக்கும் பொதுவான சினிமாப் பாட்டு. அதைத் தங்களுடையதாக்கிக் கொடுத்தது இந்த நிகழ்ச்சிகளின் அமைப்பு. பி.எச். அப்துல் ஹமீது பின்னாளில் ‘பாட்டுக்குப் பாட்டை’ச் சென்னைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனபோது தமிழகம் அதைப் புதிதென்று ரசித்தது. நாங்கள் பழைய உறவுக்காரனைக் கண்டதுபோலப் பார்த்தோம்.

இந்த அமைப்புகளில் பெரும்பாலானவை அஞ்சலை நம்பியவை என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நேயரின் பெயர் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை. பெயர் வர அட்டை வேண்டும். அட்டைக்கு வேண்டியது சில சதமும் ஓர் உப தபாற்கந்தோரும். அது வாகரையிலும் உண்டு, வெள்ளவத்தையிலும் உண்டு. கொழும்புக்காரனின் அட்டையும் வாகரைப் பக்கத்துக் கட்டுமுறிவுக்காரனின் அட்டையும் ஒரே சாக்கில் போய் விழுந்தன. பெரிய நகரத்துக்கு முதலிடம் என்ற நியாயம் அந்தச் சாக்குக்குத் தெரியாது. வெருகலும் வேலணையும் மஸ்கெலியாவும் மன்னாரும் அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து ஒலித்தன. ஒரு தமிழ்ப் பிள்ளை இலங்கையின் தமிழ் ஊர்களைப் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் கற்றதைவிட அங்கேதான் அதிகம் கற்றது.

மரண அறிவித்தலும் அப்படித்தான். பாட்டு நின்று, குரல் தாழ்ந்து, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். எங்கள் பக்கம் வயலில் நிற்கிறவர்கள்கூட அந்த நேரத்துக்கு வரப்புக்கு வந்துவிடுவார்கள். இசை நிகழ்ச்சிகளின் நடுவே சாவுச் செய்தியைப் படிப்பது ஒலிபரப்புக் கலைக்கு ஒவ்வாதது என்று இன்றைய நிலைய முகாமையாளர் ஒருவர் சொல்லக்கூடும். அந்த நாட்களில் வானொலியைத் திறந்து வைத்திருக்க அதுவே போதுமான காரணமாக இருந்தது.

இசையில் உண்மையான திருப்பம் 1970களில் நடந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியை இறுக்கியது. இந்தியச் சஞ்சிகைகள் அருகின. சினிமா இறக்குமதி அரசுக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனது. உள்ளூர் எழுத்துக்கும் உள்ளூர்ப் பாட்டுக்கும் இடம் கொடு என்ற குரல் பல காலமாகவே இருந்தது. இப்போது அதற்கு அரசின் காற்றும் சேர்ந்துகொண்டது. 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்று பெயர் பெற்ற நிலையம் ஈழத்து மெல்லிசைப் பாடல்களைப் பதிந்து ஒலிபரப்பியது. எஸ்.கே. பரராஜசிங்கம், எம்.ஏ. குலசீலநாதன் போன்றோர் பாடினார்கள். சிங்களத் திரையிலும் பேர் பெற்ற ஆர். முத்துசாமி, எம்.கே. றொக்சாமி போன்றோர் இசையமைத்தார்கள்.

மெல்லிசையைப் படித்தவர்கள் மதித்தார்கள். பையன்களைப் பிடித்து ஆட்டியது பொப். நித்தி கனகரத்தினம் உரும்பிராய்க்காரர். அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கும் காலத்திலேயே நண்பர்களுக்காகப் பாடத் தொடங்கியவர். அவருடைய ‘சின்ன மாமியே’ வானொலியில் வந்தபோது, பேச்சுத் தமிழை அப்படியே மெட்டில் போடலாம் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களத்தையும் தமிழையும் ஒரே தாளத்தில் ஓடவிட்டது. 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அந்தப் பாட்டு இடம்பெற்று, சினிமாப் பாட்டாகவே இலங்கைக்குத் திரும்பி வந்தது. முப்பது ஆண்டுகளாக ஒருவழிப் பாதையாக இருந்த பாக்கு நீரிணையில் ஒரு பாட்டு எதிர்த்திசையில் போய் வந்த அரிதான தருணம் அது.

இந்தப் பொப் இசையின் வேரை மட்டக்களப்பிலேயே தொடலாம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘சுராங்கனி’யின் தாளம் பைலாத் தாளம். 1940களில் வொலி பஸ்தியன்ஸ் பைலாவைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். பைலாவின் தாய் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வரும் கப்பிரிஞ்ஞா. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்சி போனது, பாட்டுப் போகவில்லை. மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் கலியாண வீட்டில் வயலினோடு ஆடும் கப்பிரிஞ்ஞாவையும் இன்றுவரை வைத்திருக்கின்றன. அவர்களில் பலர் தச்சர்கள், கொல்லர்கள். களப்புக் கரையில் ஆறுக்கு எட்டாக உருளும் அந்தத் தாளம் கொழும்பு வழியாகச் சுற்றி, வானொலிப் பெட்டிக்குள்ளால் திரும்பவும் களப்புக் கரைக்கே வந்து சேர்ந்தபோது, வாகரைப் பையன்கள் அதைப் புதுப் பாட்டு என்று நினைத்தார்கள். நானும்தான்.

உள்ளூர்ப் பாட்டுக்குத் திறந்த அந்தக் கதவு எப்படி மூடியது?

பலரும் போரைச் சொல்வார்கள். போர் உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே இரண்டு காரியம் நடந்துவிட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பானியக் கசற் வானொலிகள் வாழைச்சேனைக் கடைத்தெரு வரைக்கும் வந்தன. வேண்டிய பாட்டை எழுதிக் கொடுத்தால் கசற்றில் பதிந்து தரும் கடைகள் முளைத்தன. பாட்டுக்காக வானொலியைக் காத்திருக்கும் தேவை முதல் தடவையாக நீங்கியது. 1982இல் ‘ரூபவாஹினி’ வந்தது. 1983 கலவரத்துக்குப் பின் கொழும்பில் தமிழில் பேசுவதே அச்சமான காலத்தில் நிலையம் தன் கலைஞர்களை ஒவ்வொருவராக இழந்தது. பாடகர்கள் கடல் கடந்தார்கள். கே.எஸ். ராஜா 1989இல் கொல்லப்பட்டார். பதிந்து வைத்த மெல்லிசைப் பாடல்களின் இடத்தை இளையராஜாவின் கசற்றுகள் நிரப்பின. அவை நல்ல பாட்டுகள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒலிபரப்பில் உள்ளூருக்கென்று ஒதுக்கிய இடம் திரும்பவே இல்லை.

போர் வந்ததும் கேட்கும் முறையே மாறியது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். மாலையில் லண்டனின் ‘தமிழோசை’. அதைக் கேட்காமல் படுத்தவர் இல்லை. 1990 நவம்பரில் ‘புலிகளின் குரல்’ தொடங்கியது. அதற்கென்று தனிப் பாட்டு மரபு. திருகோணமலைப் பக்கம், வாகரையிலிருந்து வடக்கே, 1980களிலிருந்து ஜேர்மனியின் ‘டொச்ச வெலே’யின் பெரிய மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்று இயங்கியது. எங்கள் தலைக்கு மேலால் ஆசியா முழுக்கப் போன அந்த அலை எங்களோடு பேசவில்லை. அட்டை எழுதும் வழக்கம் அருகியது. சோதனைச் சாவடிகளின் நடுவே தபாற் சாக்கு எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? ‘பிறந்தநாள் வாழ்த்தில்’ கேட்ட ஊர்களின் பட்டியல் மெல்ல மெல்லச் சுருங்கியதை நாங்கள் காதால் உணர்ந்தோம். முதலில் வாகரைப் பக்கத்துப் பெயர்கள்தான் காணாமல் போயின.

தனியார் வானொலி 1990களில் வந்தது. 1997இல் அரசு கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறியது. அலைவரிசை பொதுமக்களின் சொத்து, அதை ஆளும் அமைப்பு அரசின் பிடியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மக்களின் சொத்தான அலையில் வாகரை மக்களின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் அன்றும் எழவில்லை. அடுத்த ஆண்டு, 1998இல், ‘சூரியன்’, ‘சக்தி’ ஆகிய இரண்டு தமிழ் எப்.எம். சேவைகளும் வந்தன. கூட்டுத்தாபனத்தின் வர்த்தக சேவையும் ‘தென்றல்’ என்று பெயர் மாறி அவற்றோடு போட்டியில் இறங்கியது.

இந்த மாற்றத்தின் பௌதிகத்தைப் பேசாமல் இசையைப் பேச முடியாது. மத்திய அலையில் ஒரு நிலையத்துக்குக் கிடைக்கும் இடம் 9 கிலோஹேட்ஸ். செவிக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதி. மனிதக் குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் அது போதும். தாழ்ந்த தாளமும் உயர்ந்த சலங்கையும் அதில் தங்காது. எப்.எம். 15 கிலோஹேட்ஸ் வரை தரும், அதுவும் இரண்டு காதுக்கும் தனித்தனியாக. 1992இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ.ஆர். ரஹ்மானின் ஒலி மத்திய அலையில் பாதி செத்துத்தான் வந்தது. எப்.எம்மில்தான் அது முழுதாக நின்றது. புதிய நிலையங்கள் புதிய பாட்டையே பெரும்பாலும் போட்டதற்கு இளைஞரின் ரசனை ஒரு காரணம். அந்த ஒலி அந்த அலைக்கென்றே செய்ததுபோல் இருந்தது இன்னொரு காரணம். பழைய பாட்டு இரவுக்குத் தள்ளுண்டது.

மத்திய அலை நிலத்தோடு ஒட்டி ஊர்ந்து, உப்பு நீரின் மேல் இன்னும் தூரம் போகும். அதனால்தான் தமிழகக் கரை முழுதும் இலங்கையைக் கேட்டது. எப்.எம். நேர்கோட்டில் போகும். மலைநாட்டு உச்சிகளில் கோபுரம் நட்டுத்தான் அதைக் கரையோரங்களுக்கு இறக்க வேண்டும். கோபுரத்துக்குத் தெரியாத பள்ளம் நிலையத்துக்கும் தெரியாது.

நிகழ்ச்சியின் வடிவம் இப்போது தொலைபேசியில் நின்றது. அட்டை போய், அழைப்பு வந்தது. அறிவிப்பாளர் வேகமாகப் பேசினார், சிரித்தார், ஆங்கிலம் கலந்தார். நாள் முழுதும், இரவு முழுதும் ஒலிபரப்பு. ஒரு மணி நேரத்தில் ஐம்பது பெயர் படித்த இடத்தில் நாலு பேர் பேசினார்கள். பேசிய நாலு பேரும் தொலைபேசி உள்ளவர்கள். வாகரையில் அன்றைக்கு வீட்டுத் தொலைபேசி கிடையாது. மின்சாரமே அந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதிக்குப் போருக்குப் பிறகுதான் வந்தது. ஒரு தபாற்கந்தோர் இருந்தாலே வானொலியில் ஏறிய ஊர், தொழில்நுட்பம் முன்னேறியபோது வானொலியிலிருந்து இறங்கியது. இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. தொலைபேசி அழைப்பில் நேயரின் சொந்தக் குரல் முதல் தடவையாக அலையில் ஏறியது. அட்டையில் பெயர்தான் போனது. மலையகத்துப் பேச்சும் மன்னார்ப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் நாடு முழுக்கக் கேட்டன. அது பெரிய வரவு. அந்த வரவில் எங்கள் பேச்சுக்கு மட்டும் பத்தாண்டுகளுக்கு மேல் இடம் கிடைக்கவில்லை.

அந்தப் பத்தாண்டுக்குள் என்னென்ன நடந்தது என்பதை வாகரைக்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. எந்த வானொலியும் அதற்கு முன் எச்சரிக்கவில்லை, எச்சரிக்கும் ஏற்பாடே நாட்டில் இருக்கவில்லை. 2006இல் வெருகலுக்கு அப்பால் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை கதிரவெளிக்கும் வாகரைக்கும் வந்தது. பல்லாயிரம் பேர் காட்டு வழியாலும் களப்பு வழியாலும் தெற்கே நடந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனது. பெரியமாமாவின் அந்த றப்பர் வளையம் கட்டிய பெட்டி எந்த இடத்தில் விடுபட்டது என்று அவருக்கே நினைவில்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கைத்தொலைபேசி வந்தது. என் மச்சாள், அன்றைக்கு அஞ்சலட்டையில் பிறந்தநாள் கொண்டாடியவள், முதல் தடவையாக ஒரு நிலையத்துக்கு அழைப்பு எடுத்து இணைப்புக் கிடைத்த மாலை நான் அங்கே இருந்தேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

“எங்க இருந்து பேசுறீங்க?” என்றது குரல்.

“கதிரவெளி.”

“அது எங்க இருக்கு?”

“வாகரைக்கு அங்கால.”

“வாகரை...?”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, “மட்டக்களப்பு” என்றாள். குரல் மகிழ்ந்து, மட்டக்களப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டது. பாட்டுப் போனது. இந்த முறை எல்லாரும் பாட்டைக் கேட்டோம்.

அந்த அறிவிப்பாளர் பிள்ளையை நான் குற்றம் சொல்லவில்லை. ஊர்களின் பெயரைத் தினமும் படித்துப் பழகிய தலைமுறைக்குப் பிறகு வந்தவர் அவர். குறுஞ்செய்தி வந்ததும் ஊர்ப் பெயர் இன்னும் சுருங்கியது. செய்தியில் பெயரும் பாட்டும் போதும். கீழே வாக்களிப்பு எண். பிறகு முகநூல். ஊர் தேவையில்லாத அடையாளம் ஆனது.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது, இந்தத் தீவிலேயே இருந்தது. 1981இல் யுனெஸ்கோவும் டென்மார்க்கும் துணை நிற்க, மகாவலி குடியேற்றங்களில் சமூக வானொலி தொடங்கியது. குழு ஒன்று கிராமத்துக்குப் போய், நாட்கணக்கில் அங்கேயே தங்கி, அந்த மக்களின் பேச்சையும் பாட்டையும் பதிந்து அவர்களுக்கே ஒலிபரப்பியது. 1989இல் கொத்மலையில் அதே வழியில் ஒரு நிலையம் எழுந்தது. கிழக்கில் அம்பாறைப் பக்கம் கூட்டுத்தாபனத்தின் பிராந்திய சேவையாகப் ‘பிறை எப்.எம்.’ வந்தது, அந்தக் கரையின் முஸ்லிம் மக்களுக்கு அது நெருக்கமான குரல். மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே அந்தச் சமூக வானொலி முறை எட்டவில்லை.

எட்டியிருந்தால் பதிய என்ன இருந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில், கிழக்குக் கரையின் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் உண்டு. கப்பலில் வரும் தெய்வத்துக்கு அவர்கள் செய்யும் சடங்கை அதில் விவரித்திருக்கிறார்கள். தங்கள் ஆய்வில் வேடர் பாட்டுகளை மெழுகு உருளையில் பதிந்தும் கொண்டுபோனார்கள். கொழும்பு வானொலி பிறப்பதற்கு ஒன்றரைத் தசாப்தம் முன்பே ஒலிப்பதிவுக் கருவி வேடரின் பாட்டைக் கேட்டுவிட்டது. அந்தக் கரையோர வேடரின் வழித்தோன்றல்கள் தமிழ் பேசிக்கொண்டு இன்றும் வாகரைப் பிரதேசத்தில் வாழ்கிறார்கள். அவர்களுடைய சடங்கும் தொடர்கிறது. மட்டக்களப்பில் வைகாசியில் குளிர்த்தி பாடுகிறார்கள், களரி கட்டி விடியவிடியக் கூத்தாடுகிறார்கள், ஊஞ்சல் பாடுகிறார்கள், வசந்தன் அடிக்கிறார்கள். ஓரிரவு முழுதும் ஆடும் கூத்து மூன்று நிமிடத் தட்டில் அடங்காது என்பது உண்மை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அதே கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றியதும் உண்மை. மேடைக்கு முடிந்தது அலைக்கு முடியாமல் போகாது. முயன்று பார்க்க விளம்பரக்காரருக்குக் காரணம் இருக்கவில்லை, அரசுக்கு மனம் இருக்கவில்லை.

இன்றைக்குப் பனிச்சங்கேணிப் பாலத்தில் மாலையில் நின்றால் இறாலுக்கு வலை வீசும் பையன்களின் தோணிகளில் சிறிய புளூடூத் பெட்டிகள் பாடுவது கேட்கும். அவை வானொலி இல்லை. பழைய கைத்தொலைபேசியில் எப்.எம். இருந்தது, செவிக் கம்பியே அதற்கு அந்தெனா. புதிய தொலைபேசிகள் பலவற்றில் கம்பி செருகும் துளையே கிடையாது. பாட்டை யூடியூப் தெரிவு செய்கிறது. பையன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பது அதற்கு மீற்றர் கணக்கில் தெரியும். அந்த இடத்தின் பெயரை அது ஒருபோதும் உரக்கச் சொல்வதில்லை.

சொல்கிற இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. அம்மன் கோயில் சடங்குக்கு ஒலிபெருக்கி கட்டுகிற பையன் ஒருவன் எங்கள் பக்கம் இருக்கிறான். வயது இருபதுக்குள். விடியற்காலையில் பக்திப் பாட்டில் தொடங்கி, வெயில் ஏற ஏறப் பழைய பாட்டுக்கு வந்து, மாலையில் புதுப் பாட்டுக்குப் போவான். அந்த வரிசையை யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன். தகப்பன் போட்ட வரிசை என்றான். தகப்பன் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியும். ஒலிவாங்கியைப் பிடித்தால் அவன் குரல் மாறிவிடுகிறது. சொற்களை வெட்டி வெட்டி, கடைசி எழுத்தை இழுத்து, அவன் பிறப்பதற்கு முன்பே அடங்கிவிட்ட ஒரு கொழும்புக் குரலில் பேசுகிறான்.

போன வைகாசியில் கடைசி நாள் அன்னதானத்துக்குக் கொடுத்தவர்களின் பட்டியலை அவன் படித்தான். வெருகல், கதிரவெளி, புச்சாக்கேணி, பால்சேனை, அம்பந்தனாவெளி, வாகரை, கண்டலடி, ஊரியன்கட்டு, பனிச்சங்கேணி, மாங்கேணி, காயங்கேணி. ஒவ்வொரு ஊருக்கும் கீழே ஆட்களின் பெயர். பெரியமாமா வேப்ப மரத்தடியில் கதிரையில் உட்கார்ந்திருந்தார், காது கொஞ்சம் மந்தம். கதிரவெளி வந்தபோது கையை உயர்த்திப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களை அடக்கினார். தன் பெயர் வந்ததும் கையை இறக்கினார். பையன் பாட்டைப் போட்டான்.